மகிழுந்தைப் பந்தயத்தடத்துக்கு ஆயத்தப்படுத்தல்

மகிழுந்தைப் பந்தயத்தடத்துக்கு ஆயத்தப்படுத்தல் என்பது, சாலையில் ஓடுவதற்காகத் தயாரிக்கப்பட்ட விலை குறைந்த மகிழுந்து ஒன்றை, மூடிய பந்தயத்தடத்தில் தொடர்ந்து வேகமாக ஓடுவதற்கு ஏற்றவாறு மாற்றியமைப்பதைக் குறிக்கும். குதிரைத்திறனைக் கூட்டுவதே இவ்வேலை எனப் பலரும் எண்ணுவர். நடைமுறையில் அது கடைசியாகச் செய்யப்படும் வேலையாகும். பிரேக், டயர், குளிர்விப்பு, ஓட்டுநரின் பாதுகாப்பு ஆகியவையே முதலிடம் பெறுகின்றன. சாலையில் ஒரு மணி நேரத்தில் உண்டாகும் வெப்பம் தடத்தில் சில நிமிடங்களில் உண்டாகிவிடுவதே இதற்குக் காரணம்.

தமிழ்நாட்டில் இக்கலை வளர்ந்த இடங்கள் சென்னையை அடுத்த சோழவரம், திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையம் ஆகியனவாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950களில் மோட்டார் பந்தயங்கள் தொடங்கின. 1953 இல் உருவான மதராசு மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இவற்றை நடத்தியது. அக்காலத்தில் இந்தியாவில் கிடைத்த மகிழுந்துகள் மிகச் சிலவே. அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு எரால்டு ஆகிய குடும்ப வண்டிகளையே பட்டறையில் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்திப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தனர். பந்தயத்துக்கெனத் தனி உதிரிப்பாகம் கிடைக்காத நிலையில் லேத்துப் பட்டறைகளே உதவின. 1982 இல் பெங்களூருவில் தயாரிக்கப்பட்ட சிப்பானி டால்பின் என்னும் 848 கன செ.மீ. வண்டி குடும்பங்களிடையே பெரிதாக விற்கவில்லை. எனினும் கண்ணாடியிழை உடலால் எடை குறைவாக இருந்ததால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினர்.

1983 இல் மாருதி 800 வந்தபின் நிலைமை மாறியது. 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள அதன் மூன்று உருளை எஞ்சின் எளிமையானது. உதிரிப்பாகங்கள் எல்லா ஊரிலும் கிடைத்தன. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன் இந்த எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை 1980களின் இறுதியில் வடிவமைத்தார். விலை குறைந்த பாகங்களைக் கொண்டே முறையான பந்தயம் நடத்தலாம் என்பதற்கு இதுவே நல்ல சான்று. 2005 இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தம் முதல் பந்தயத்தைத் திருப்பெரும்புதூரில் ஃபார்முலா மாருதியிலேயே ஓட்டினார். கரிவரதன் 1995 இல் வான் விபத்தொன்றில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2000களின் தொடக்கத்தில் அமைந்த தடத்துக்கு அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டுள்ளது.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990 இல் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் முழு நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள் கொண்டது. ஒரே வகை வண்டிகளை மட்டும் ஓடவிடும் பந்தயங்களும் இங்கு நடைபெற்றன. 2010 இல் தொடங்கிய போக்சுவாகன் போலோ கோப்பையும் அதன் பின்னர் வந்த டொயோட்டா எட்டியோசு பந்தயமும் இவ்வகையின. இவற்றில் தொழிற்சாலையே வண்டியை ஆயத்தப்படுத்தித் தந்ததால் ஓட்டுநரின் பட்டறை வேலை குறைந்தது.

எந்த வண்டி

மேலை நாடுகளில் இத்தேவைக்கு 1989 இல் அறிமுகமான மாசுடா எம்எக்சு-5 மிகுதியாகப் பயன்படுகிறது. இரண்டு இருக்கை, பின்சக்கர இயக்கம், குறைந்த எடை, மலிவான பழைய வண்டிச் சந்தை ஆகிய நான்கும் அதற்கு உண்டு. இந்தியாவில் அது அதிகாரப்பூர்வமாக விற்கப்படவில்லை. 1990களின் இறுதியில் வந்த சான் ஸ்டார்ம் என்னும் ரெனோ எஞ்சின் பொருத்திய இரு இருக்கைத் திறந்த வண்டி மிகச் சிறிய எண்ணிக்கையிலேயே விற்றது. ஆதலால் நம் நாட்டில் ‘மலிவு விலை விளையாட்டு மகிழுந்து’ என்றால் பெரும்பாலும் முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய குடும்ப வண்டி என்றே பொருள். மாருதி எசுடீம், சென், சுவிஃப்ட், பழைய ஓண்டா சிட்டி, ஃபியட் பாலியோ, போலோ போன்றவை இவ்வாறு பயன்பட்டுள்ளன.

பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் திறனைவிட அடிச்சட்டத்தின் நிலையையே முதலில் பார்க்க வேண்டும். துருப்பிடித்த, விபத்தில் வளைந்து நிமிர்த்தப்பட்ட உடலுக்கு எவ்வளவு செலவிட்டாலும் சக்கரக் கோணங்கள் நிலைத்து நில்லா. சக்கரத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. மாருதி 800 இன் 12 அங்குலச் சக்கரத்துக்குள் பெரிய பிரேக் தட்டுகளைப் பொருத்த இடமில்லை. உதிரிப்பாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்பதும் ஒரு தகுதியே. அரிய வண்டியை வாங்கியவர் ஓட்டும் நாட்களைவிடக் காத்திருக்கும் நாட்களே அதிகமாகும்.

பிரேக்

ஓட்டுநருடன் சேர்ந்து 1000 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்று நேர்பாதையின் முடிவில் மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு வேகம் குறைக்கிறது எனக் கொள்வோம். இயக்க ஆற்றல் வாய்பாட்டின்படி (½mv²) முதல் வேகத்தில் சுமார் 868 கிலோசூலும் இரண்டாவது வேகத்தில் சுமார் 139 கிலோசூலும் உள்ளன. வேறுபாடு 729 கிலோசூல். 30 பாகை செல்சியசில் உள்ள இரண்டரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ இவ்வளவு ஆற்றல் தேவை. எஞ்சினும் காற்றும் எடுத்துக்கொள்ளும் சிறு பங்கு நீங்கலாக, இது சில நொடிகளில் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது.

இதில் பத்தில் ஏழு பங்கை முன்சக்கரங்கள் ஏற்பதாகவும், ஒவ்வொரு முன் தட்டும் 5 கிலோகிராம் வார்ப்பிரும்பு எனவும் கொண்டால், ஒரே ஒரு பிரேக் அழுத்தத்தில் தட்டின் வெப்பநிலை 100 பாகைக்கு மேல் உயரும். அடுத்த வளைவுக்குள் அது முழுமையாகக் குளிர்வதில்லை. நான்கைந்து சுற்றுகளில் வெப்பம் படிப்படியாக ஏறி, சாலைக்கான பிரேக் பேடுகள் தம் உராய்வை இழக்கின்றன. மிதியை அழுத்தினால் கெட்டியாகவே இருக்கும். ஆனால் வண்டி நிற்காது.

இன்னொரு வகைத் தோல்வி இதைவிட ஆபத்தானது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறைகிறது. டாட் 3 வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 பாகை. ஈரம் ஏறிய நிலையில் 140 பாகை. டாட் 4 வகைக்கு இவை 230, 155 எனவும், டாட் 5.1 வகைக்கு 260, 180 எனவும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். நீர்மம் சுருங்காது, ஆவி சுருங்கும். எனவே மிதி தரைவரை இறங்கிவிடும். பிரேக் அறவே இராது. சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக் காற்றில் இரண்டு மூன்று ஆண்டுகளாக மாற்றப்படாத ஆயிலோடு தடத்துக்குச் செல்வது தவிர்க்கப்பட வேண்டியது.

மலைப்பகுதி ஓட்டுநர்கள் இதை வேறு வகையில் அறிந்தே உள்ளனர். கலசப்பாக்கம், போளூர் வட்டாரத்திலிருந்து சவ்வாது மலையின் சமுனாமரத்தூருக்குச் சென்று இறங்கும் வண்டிகள், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய பாடம். எஞ்சினே வேகத்தைத் தடுப்பதால் பிரேக் காய்வதில்லை. தடத்தில் இவ்வழி பெரிதும் உதவாது; அங்கே குறைந்த நேரத்தில் மிகுந்த வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால் சுமை முழுவதும் பிரேக்கின் மீதே விழுகிறது.

ஆகவே முதல் செலவு பின்வருமாறு அமைவது வழக்கம்: புதிய டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயில், உயர்வெப்பம் தாங்கும் முன் பேடுகள், நல்ல நிலையிலுள்ள தட்டுகள். டாட் 5 என்பது பெயரில் ஒத்திருந்தாலும் சிலிக்கோன் அடிப்படையிலானது, மற்றவற்றோடு கலக்கக்கூடாது. பந்தயப் பேடுகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்கா. எனவே அவற்றோடு ஊருக்குள் ஓட்டுவது நல்லதன்று. புதிய பேடுகளை மிதமான வேகத்தில் பலமுறை அழுத்திச் சூடாக்கிப் பின் ஆறவிட்டுப் பதப்படுத்த வேண்டும். முன் முகப்பிலிருந்து குழாய் வழியாகக் குளிர்காற்றைத் தட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவருவது மலிவான, பலன்மிக்க மாற்றமாகும். துளையிட்ட தட்டுகள் அழகாக இருக்கும்; அவ்வளவே. தட்டின் எடையே வெப்பத்தை ஏற்பது என்பதால், துளைகளால் அது குறைகிறது; துளையோரத்தில் விரிசலும் தோன்றலாம்.

டயரும் சக்கரக் கோணமும்

வண்டி தரையைத் தொடும் இடம் நான்கு உள்ளங்கை அளவுதான். முடுக்கம், நிறுத்தம், திருப்பம் மூன்றும் அதன் வழியே நிகழ வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியில் முன் டயர்கள் இம்மூன்றையும் சுமப்பதால் அவை விரைவில் தேயும். வளைவில் வண்டி வெளிப்புறமாக அகன்று செல்லும்.

டயருக்குள் உள்ள காற்று சூடேறும்போது அழுத்தம் உயர்கிறது. 30 பாகையில் 30 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 70 பாகையை அடைந்தால் ஏறத்தாழ 36 பி.எஸ்.ஐ. காட்டும். அழுத்தம் மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். எனவே குளிர்ந்த நிலையில் சற்றுக் குறைத்து வைத்துச் சில சுற்றுகள் ஓட்டி, வந்தவுடன் சூடான நிலையில் அளந்து சரிசெய்ய வேண்டும். டயரின் தோளில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு ஓட்டினால், கோடு எதுவரை அழிந்துள்ளது என்பதைக் கொண்டு டயர் எவ்வளவு சாய்கிறது என அறியலாம். ஒரு நல்ல அழுத்தமானியும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். இதைவிட மலிவான கருவி இத்துறையில் இல்லை.

பெரும்பாலான சிறு வண்டிகளில் முன்புறம் மேக்பெர்சன் வகைத் தாங்கி உள்ளது. வளைவில் உடல் சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் உடன் சாய்ந்து, டயரின் வெளி விளிம்பின் மீது வண்டி நிற்கும். இதை ஈடுசெய்யச் சக்கரத்தின் மேற்பகுதியை முன்கூட்டியே உட்புறம் சாய்த்து வைப்பர். இது எதிர்மறை கேம்பர் எனப்படும். தடத்துக்கு 2 முதல் 3 பாகை வரை வைப்பது உண்டு. அதே கோணத்தில் நாள்தோறும் சாலையில் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேயும்.

ஸ்பிரிங்கை அறுத்து உயரத்தைக் குறைப்பது நம் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் தவறாகும். அறுத்த ஸ்பிரிங் முழுதாக இறங்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவக்கூடும். ஷாக் அப்சார்பரும் குறைந்த தூரத்தில் அடிபடும். நல்ல ஷாக் அப்சார்பருக்கும் அதற்குப் பொருந்திய ஸ்பிரிங்குக்கும் பணம் சேரும்வரை, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றிவிட்டுத் தொழிற்சாலை அமைப்பிலேயே ஓட்டுவது மேல்.

எஞ்சினும் குளிர்விப்பும்

தடத்தில் எஞ்சின் பெரும்பாலும் உயர்ந்த சுழற்சியிலேயே இருக்கும். ரேடியேட்டரின் உள்ளும் புறமும் சுத்தமாக இருத்தல், விசிறி சரியாக ஓடுதல், பழைய குழாய்களையும் மூடியையும் மாற்றுதல் ஆகியவை அடிப்படை. மூடி சாதாரண உதிரிப்பாகம்போல் தோன்றினாலும் முக்கியமானது. அது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால், நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து 118 பாகைக்கு உயர்கிறது. மூடியின் ரப்பர் கெட்டால் இந்தப் பதினெட்டுப் பாகையும் போய்விடும். கூலண்ட் தடத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் சில போட்டிகளில் வெறும் நீரை மட்டுமே அனுமதிப்பர்.

நீண்ட வளைவுகளில் எண்ணெய்த் தொட்டியிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்பின் வாய் ஒரு நொடி காற்றை உறிஞ்சினாலும் பேரிங்குகள் தேயும். அளவுகோலின் மேல் குறிவரை ஆயில் வைத்திருப்பதும், தொட்டிக்குள் தடுப்புத் தகடு அமைப்பதும் இதற்குத் தீர்வு. ஆயில் விளக்கு வளைவில் ஒருமுறை மின்னினாலும் உடனே வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிட வேண்டும்.

காற்று வடிகட்டி, சைலன்சர், கணினி நிரல் மாற்றம் ஆகியவற்றால் சிறிய எஞ்சினில் கிடைக்கும் கூடுதல் திறன் குறைவு, செலவு மிகுதி. ஒப்புநோக்க, எடைக் குறைப்பு மூன்று வகையில் பயன் தரும். 1000 கிலோகிராம் வண்டியில் 50 கிலோகிராம் குறைத்தால் முடுக்கமும், பிரேக்கும், வளைவுப் பிடிப்பும் ஒருசேர மேம்படும். கூடுதல் சக்கரம், ஜாக்கி, பின் இருக்கை, தரைவிரிப்பு என இறக்கி வைப்பதற்குச் செலவே இல்லை.

ஓட்டுநர் பாதுகாப்பு

2023 சனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் பந்தயத்தில், மற்றொரு வண்டியுடன் மோதித் தடத்தைவிட்டு விலகிய விபத்தில், நெடுங்கால அனுபவம் கொண்ட ஓட்டுநர் கே. ஈ. குமார் உயிரிழந்தார். மருத்துவக் குழுவும் பயிற்சி பெற்ற மார்ஷல்களும் இருக்கும் தடத்திலேயே இவ்வாறு நேரக்கூடும்.

தலைக்கவசம் மகிழுந்துப் பந்தயத்துக்கான தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இத்தரத்தில் தீ தாங்கும் உள்துணியும் சோதிக்கப்படுகிறது. இருசக்கர வண்டிக்கான கவசத்தில் அச்சோதனை இல்லை. பல புள்ளிப் பட்டை, வார்ப்பு இருக்கை, எஃகுக் காப்புக் கூண்டு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஒன்றை மட்டும் பொருத்துவதால் தீங்கு விளையலாம். கூண்டு இல்லாத வண்டியில் உடலை நிமிர்த்திக் கட்டும் பட்டையைப் பொருத்தினால், வண்டி கவிழ்ந்து கூரை நசுங்கும்போது ஓட்டுநர் சாய இடமிராது. மாறாக, கூண்டு உள்ள வண்டியைத் தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டினால் சிறு மோதலிலும் தலை எஃகுக் குழாயில் மோதும். இவற்றைப் பொருத்த இயலாத தொடக்கநிலையாளருக்குத் தொழிற்சாலை இருக்கையும் அதற்குரிய மூன்று புள்ளிப் பட்டையுமே பொருத்தமானவை.

பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருத்தல், இழுவைக் கொக்கி, எட்டும் தூரத்தில் தீயணைப்பான் ஆகியவை பந்தயத்துக்கு முந்தைய ஆய்வில் பார்க்கப்படும். வண்டிக்குள் தண்ணீர்ப் புட்டி முதலிய எதுவும் தளர்வாகக் கிடத்தல் ஆகாது. அது உருண்டு பிரேக் மிதியின் அடியில் சிக்கிக்கொள்ளக்கூடும்.

கொடிகளின் பொருளையும் அறிந்திருக்க வேண்டும். மஞ்சள் முன்னே ஆபத்தையும், சிவப்பு ஓட்டம் நிறுத்தப்பட்டதையும், நீலம் பின்னால் வேகமான வண்டி வருவதையும் குறிக்கும். பந்தயத்தில் பங்கேற்க, இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் தேவை.

சட்டமும் காப்பீடும்

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எனவே தடத்துக்கெனப் பெரிதும் மாற்றப்பட்ட வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்ல இயலாது. சரக்கு வண்டியிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும். பொதுச் சாலையில் பந்தயம் விடுவது இதே சட்டத்தின் 189 ஆம் பிரிவின்படி குற்றமாகும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, 5000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பலரும் கவனிக்காதது காப்பீடு. இந்தியாவில் வழங்கப்படும் வழக்கமான வாகனக் காப்பீட்டு ஆவணத்தில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகிய பயன்பாடுகள் விலக்கப்பட்டுள்ளன. தடத்தில் சுவரில் மோதிய வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. ஆகவே, இழந்தாலும் தாங்கக்கூடிய விலையுள்ள வண்டியையே தடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என அனுபவமுள்ளோர் கூறுவர். கடன் தவணை முடியாத வண்டி இதற்கு ஏற்றதன்று.

தடத்தில் ஒரு நாள்

தொடக்கநிலையாளர் பலர் மாற்றம் அதிகம் இல்லாத, சாலைக்குரிய வண்டியிலேயே வருகின்றனர். கலசப்பாக்கத்திலிருந்து புறப்படுபவர் ஆரணி, காஞ்சிபுரம் வழியாக இருங்காட்டுக்கோட்டை செல்லலாம். அதே வண்டியிலேயே மாலையில் ஊர் திரும்பவும் வேண்டும். எனவே கழற்றிய பொருட்களை வைக்க ஒரு தார்ப்பாய், முறுக்குவிசைத் திருகி, அழுத்தமானி, உபரி பிரேக் ஆயில், ஒரு குடம் நீர் ஆகியவை உடன் இருத்தல் நலம்.

முதல் சுற்று டயரையும் பிரேக்கையும் சூடாக்க மட்டுமே. தொடர்ந்து பதினைந்து இருபது நிமிடங்கள் ஓட்டிய பின், கடைசிச் சுற்றைப் பிரேக்கை இயன்றவரை தொடாமல் மெதுவாக ஓட்டிக் குளிர்விக்க வேண்டும். நிறுத்தியபின் கைப்பிரேக் போடலாகாது. பின்புற டிரம்மோ தட்டோ சூடாக இருக்கையில் அது ஒட்டிக்கொள்ளும் அல்லது வளையும். கியரில் நிறுத்தி, சக்கரத்தின் அடியில் கட்டை வைப்பதே முறை. ரேடியேட்டர் மூடியையும் ஆறும் வரை திறக்கக்கூடாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சக்கர நட்டுகளைத் திருகிப் பார்க்க வேண்டும். வெப்பத்தில் விரிந்து சுருங்குவதால் அவை தளர்வதுண்டு. மாலையில் ஊர் திரும்புமுன் பிரேக் பேடின் தடிமனையும், மிதி வழக்கம்போல் கெட்டியாக உள்ளதா என்பதையும் பார்ப்பது இன்றியமையாதது. மிதி சற்றேனும் மெத்தென்று இருந்தால் ஆயில் கொதித்திருக்கிறது என்று பொருள். காற்றை வெளியேற்றிப் புதிய ஆயில் ஊற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறலாகாது.